கூரைக்குக் கீழே வெள்ளிப் பாய்

1

அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்கு இன்னும் சில கிழமைகள் இருந்தபோது அந்த அழைப்பு வந்தது. டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் நான் வேலை செய்கிறேன். அன்று சரியான வெக்கை. டென்மார்க்கில் வெக்கை என்றால் கொழும்பில் இருப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் குளிர் உள்ளே வராதபடி கட்டிய கட்டடத்தில், ஒரு கை அளவுக்கு மேல் திறக்காத ஜன்னல்களுக்குப் பின்னால், வயதானவர்கள் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருப்பதைப் பார்த்தால் சிரிக்க மாட்டீர்கள். அவர்களுடைய கழுத்தில் ஈரத் துவாய் வைப்பதும் மாற்றுவதுமாக நின்றேன். சட்டைப்பையில் தொலைபேசி அதிர்ந்தது. இலங்கை இலக்கம். யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது என்ற நினைப்போடு தாழ்வாரத்துக்கு ஓடினேன்.

"ஆன்ட்டி, நீங்கதானே கொட்டாஞ்சேனை வீட்டு ஓனர்?"

"நீங்கள் ஆர் பிள்ளை?"

"நான் ரிஸ்னா. உங்கட வீட்டுக்குப் பின்னால லேன்லதான் ஈக்கிற. உங்கட மேல்மாடியில வாடகைக்கு ஈக்கிற செல்வி அக்காட ரூமுல, கூரைக்குக் கீழ ஒரு பாய் கட்டணும் ஆன்ட்டி. பெர்மிஷன் வேணும். உங்கட நானாக்கிட்ட, அண்ணாக்கிட்டதான், கேட்ட. அவர் ஏலா எண்டுட்டார்."

"கூரையில என்ன பாய்?"

"பால்மா பக்கற்றுகளச் சேர்த்துத் தைச்சது. உள்பக்கம் வெள்ளியா மினுங்குமே, அது சூட்டத் திருப்பி அனுப்பும். காசு ஒண்டும் வேணா. ஆணி அடிச்சா மட்டும் போதும்."

பின்னால் மணி அடித்தது. ஒரு அறையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். "அண்ணாவோடு கதைத்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். ஊரிலிருந்து எது வந்தாலும் வெளிநாட்டில் இருக்கிற நாங்கள் சொல்லுகிற பதில் அது. அதைச் சொன்ன பிறகு பெரும்பாலும் மறந்துவிடுவோம். இந்த முறை மறக்க முடியவில்லை. அன்று மாலை பஸ்ஸில் வரும்போதும் அந்தப் பிள்ளையின் குரல் காதில் நின்றது.

2

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து அப்பா வாங்கிய வீடு அது. நாங்கள் வளர்ந்தது கீழ்த்தளத்தில். அப்போது மேல்மாடி இல்லை. நான் டென்மார்க் வந்த பிறகு, வாடகை வரட்டும் என்று அண்ணா சீமெந்துக் கல்லில் மேலே இரண்டு அறைகள் எழுப்பித் தகரம் போட்டார். கீழ்த்தளம் ஓர் அச்சகத்தின் களஞ்சியம் ஆகிவிட்டது. அம்மா சாகும்போது வெள்ளவத்தை ஃபிளாட்டை அண்ணாவுக்கும் கொட்டாஞ்சேனை வீட்டை எனக்கும் என்று வைத்துவிட்டுப் போனா. வீடு என்னுடையது, பார்ப்பது அண்ணா. அப்படித்தான் நடந்தது.

அண்ணாவை அழைத்தேன்.

"ஒரு கதையும் வேண்டாம்" என்றார். "பக்கற்றைக் கட்டிப்போட்டு நாளைக்கு நெருப்புப் பிடிச்சா அந்தப் பெட்டை வந்து அணைக்கப் போறாளே? நீ திவசத்துக்கு வா. வந்து வீட்டு உறுதிப் பத்திரத்தை உன்ர பேருக்கு மாத்து. அதுக்குப் பிறகு என்னவும் செய்."

மகள் மிதுலாவையும் கூட்டிக்கொண்டு போக நினைத்தேன். அவள் கோபன்ஹேகனில் படிக்கிறாள், அந்தக் கிழமை வீட்டுக்கு வந்திருந்தாள். பூமி சூடாவதைக் குறைக்க விமானத்தில் ஏறுவதில்லை என்று அவளும் அவளுடைய நண்பர்களும் முடிவெடுத்திருக்கிறார்கள். இத்தாலிக்குக்கூட ரயிலில்தான் போனாள்.

"அம்மம்மாவின் திவசத்துக்குமா வரமாட்டாய்?" என்று கேட்டேன்.

"அம்மம்மா செத்துப்போனா" என்றாள் டேனிஷில். "பூமி இன்னும் இருக்கிறது."

அவள் அதைக் கொடூரமாகச் சொல்லவில்லை. டேனிஷில் அது சாதாரணமாகச் சொல்லக்கூடிய வசனம். தமிழ்க் காதோடு கேட்டதால் எனக்கு வலித்தது. பேச்சை மாற்றுவதற்காகக் கொட்டாஞ்சேனை அழைப்பைப் பற்றிச் சொன்னேன். மடிக்கணினியிலிருந்து முகத்தை எடுத்து என்னைப் பார்த்தாள். நெடுநாளைக்குப் பிறகு தமிழில் கேட்டாள்: "அந்த வீட்டுக்குக் காய்ச்சலா?"

வெக்கை என்ற சொல் அவளிடம் இல்லை. நான் சிரித்துவிட்டேன். அவள் மடிக்கணினிக்குத் திரும்பிவிட்டாள். அன்று முழுக்க அதற்குப் பிறகு ஒரு தமிழ்ச் சொல்லும் அவளிடமிருந்து வரவில்லை. சிரிக்காமல் இருந்திருக்கலாம் என்று விமானத்தில் ஏறி உட்காரும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். தனியாகத்தான் போனேன்.

3

திவசம் முடிந்தது. உறுதி முடியவில்லை. பிறப்புச் சான்றிதழில் நான் சிவரதி. டேனிஷ் கடவுச்சீட்டில் கணவரின் பெயர் முன்னால் வந்து, என் பெயர் ஆங்கிலத்தில் வேறு எழுத்துகளில் குறைந்துபோய்க் கிடந்தது. இரண்டு பேரும் ஒருவர்தான் என்று சத்தியக்கடதாசி வேண்டும் என்றார்கள். அதைக் கொண்டுபோனால் வேறொரு மேசையில் வேறொரு ஒப்பம் வேண்டும் என்றார்கள். அந்த அதிகாரி நல்ல மனிதர். சிங்களத்தில் பொறுமையாக விளக்கிவிட்டு, புரிந்ததா என்று கேட்டார். "ஓவ்" என்று சிங்களத்தில் தலையாட்டினேன். கடதாசியைத் திருப்பித் தந்தபோது, நன்றி சொல்ல வாயைத் திறந்தேன்; வந்தது "தக்".

வெளியே வந்ததும் அண்ணா கேட்டார்: "அந்த மனுசனுக்கு என்னத்தைச் சொன்னனீ?"

"டேனிஷில் நன்றி."

"இஞ்ச பிறந்தவள்தானே நீ?"

பகிடியாகத்தான் சொன்னார். மேசைக்கு மேசை போய்வந்த அந்த நாட்களில் எங்கேயும் என்னால் நிலையாக இருக்க முடியவில்லை. வெள்ளவத்தை ஃபிளாட்டில் அண்ணி ஏசியைப் போட்டுவிட்டு என்னைப் படுக்கச் சொல்லுவா. படுத்தால் கடற்கரை ரயில் அதிரும். எழும்பி பல்கனிக்குப் போனால் பக்கத்து ஃபிளாட்டின் ஏசிப் பெட்டி சூட்டை முகத்தில் ஊதும். உள்ளே வந்தால் குளிரும். ஒருநாள் மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கி, ஆட்டோ பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

மேல்மாடிக்கு ஏறும் படியில், பாதித் திருப்பத்தில், ஒரு பெண் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். அவள்தான் செல்வி. ஹட்டன் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். கணவர் துறைமுகத்தில் வேலை.

"ஓனர் அக்காவா? ஐயோ, சொல்லியிருந்தா நான் உள்ள கூட்டிப் பெருக்கி வச்சிருப்பேனே" என்று எழும்பினாள்.

"ஏன் படியில இருக்கிறீங்கள்?"

"பகல்ல உள்ள இருக்க முடியாதுங்க அக்கா. பாப்பாவுக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு. இவங்க அப்பா நைட் வேலை முடிஞ்சு வந்தா, தூங்குறதுக்குக் கூட்டாளி வீட்டுக்குத்தான் போறாங்க. வாங்க, வந்து பாருங்க."

உள்ளே போனேன். மின்விசிறி சுற்றியது. மேலே இருந்த சூட்டை அது கீழே தள்ளிக்கொண்டிருந்தது. கூரை மிகத் தாழ்வு. கையை உயர்த்தித் தகரத்தைத் தொட்டேன், உடனே இழுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் காது அடைத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். நான் வேலை செய்யும் இல்லத்தில் வெக்கை வந்தால் நகரசபையிலிருந்து அறிவித்தல் வரும், தாதி ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்ப்பாள். இங்கே ஒரு அட்டை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அந்தப் படியிலேயே நின்று ரிஸ்னாவை அழைத்தேன்.

"கட்டுங்கோ பிள்ளை. எப்ப வேணுமெண்டாலும் கட்டுங்கோ."

"உங்கட நானா ஏலா எண்டாரே?"

"நான் அவரோட கதைக்கிறன்."

4

கட்டுவதற்கு முன்னால் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க விரும்பினேன். ரிஸ்னா என்னை மருதானைக்குக் கூட்டிப்போனாள். ஒல்லியான பிள்ளை, தலையில் சாம்பல் நிற முக்காடு, கையில் எந்நேரமும் அளவு நாடா. பகுதிநேரமாகப் படித்துக்கொண்டு ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். சமித் என்ற சிங்களப் பெடியன் அவளுடைய கூட்டாளி. ஏசி திருத்தும் பட்டறையில் வேலை பழகுகிறான். அந்தப் பட்டறையின் பின் அறைதான் இவர்களுடைய இடம். தேநீர்க் கடைகளில் எறியும் பெரிய பால்மாப் பைகளைச் சாக்கில் சேர்த்து வந்து, சவர்க்காரத்தில் கழுவி, கயிற்றில் காயப்போட்டிருந்தார்கள். அறை முழுக்கப் பழைய பால் மணம். மூலையில் ரிஸ்னாவின் உம்மாவின் தையல் மெஷின்.

"நான் ஏசி ரிப்பெயர் பண்ணுது ஆன்ட்டி" என்றான் சமித், தான் பழகிய தமிழில். "ஒரு ரூம் கூல். பக்கத்து வீடு ஹாட். எல்லாரும் ஏசி போட்டா லேன் ஃபுல்லா ஹாட். அதான் வேற ஐடியா."

முதல் முயற்சி தோற்றதையும் மறைக்காமல் சொன்னார்கள். ரிஸ்னாவின் மாமி வீட்டில் பாயைத் தகரத்தோடு ஒட்டி அடித்துவிட்டார்கள். சூடு குறையவில்லை. விடியப்புறம் தகரத்தில் நீர் கோத்துப் பாயில் தேங்கி, மாமியின் மெத்தையில் கொட்டியிருக்கிறது.

"மாமி இன்னும் என்னோட பேசற இல்ல" என்றாள் ரிஸ்னா. "பொறகுதான் விளங்கிச்சு. தகரத்துக்கும் பாய்க்கும் நடுவுல ஒரு சாண் இடம் விடணும். ரெண்டு பக்கமும் திறந்து ஈக்கணும். சூட்டுக் காத்து ஓடிப் போகணும்."

"நெருப்புப் பிடிக்குமோ?" அண்ணாவின் கேள்வியை நான் கேட்டேன்.

அவள் ஒரு துண்டைக் கிடுக்கியில் பிடித்து லைட்டரைக் காட்டினாள். சுருண்டது, உருகியது, பிறகு பிடித்தது. அதைத் தண்ணீர் வாளியில் போட்டாள்.

"பிடிக்கும் ஆன்ட்டி. பொய் சொல்லி ஒண்டும் செய்ய ஏலா. அதனால அடுப்பு ஈக்கிற பக்கம் கட்ட மாட்டோம். வயருக்கெல்லாம் சமித் குழாய் போடுவான். படுக்கிற பக்கம் மட்டும்தான்."

ஒரு வெள்ளிக்கிழமை கட்டினார்கள். கொக்கி அடித்து, கம்பி இழுத்து, பாயைத் திரைச்சீலை மாதிரி ஓடவிட்டார்கள். வெள்ளிப்பக்கம் தகரத்தைப் பார்த்தது. கீழே இருந்து பார்த்தால் பால்மாவின் பெயர் தலைகீழாகவும் நேராகவும் மும்மொழியிலும் தெரிந்தது. செல்வி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள்: "பாப்பா, மேல பாரு, பூராவும் பாலு!"

மிதுலாவை வீடியோவில் அழைத்துக் காட்டினேன். ரிஸ்னா எட்டிப் பார்த்து ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னாள். பிறகு இரண்டு பேரும் பேசினார்கள், பேசினார்கள். இடைவெளி எவ்வளவு, காற்று எந்தப் பக்கமிருந்து, பை எவ்வளவு காலம் தாங்கும். கை வலிக்க வலிக்க நான் தொலைபேசியைக் கூரைக்குப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்காக ஒரு கேள்வியும் அதில் இல்லை.

அடுத்தடுத்த நாட்களில் மத்தியானங்களில் போய்ப் பார்த்தேன். அறை குளிரவில்லை, அப்படிச் சொன்னால் அது பொய். ஆனால் உள்ளே இருக்க முடிந்தது. செல்வியின் கணவர் மூலையில் பாய் விரித்துக் குறட்டை விட்டார். குழந்தை உள்ளேயே தூங்கியது. எனக்கு ஒரு பெருமை வந்தது. அண்ணியிடம், அக்கம்பக்கத்தாரிடம், டென்மார்க் சிநேகிதிகளிடம் எல்லாம் சொன்னேன், படமும் அனுப்பினேன். எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் பிள்ளைகள் என்ன செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள்!

5

உறுதி ஒருவழியாக என் பெயருக்கு வந்தது. அடுத்த நாள் செல்விக்கு ஒரு கேக் வாங்கிக்கொண்டு போனேன். கதவு திறந்திருந்தது. அவள் பாத்திரங்களைக் கடதாசியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க போறீங்கள்?"

அவள் நிமிரவில்லை. "உங்க அண்ணன் ஐயா வந்தாருங்க அக்கா. அடுத்த மாசத்திலேர்ந்து வாடகை கூடுதாம். இப்போ ரூம் நல்லா இருக்குன்னு நானே சொன்னேன்ல? அதான்."

"எங்கே போவீங்கள்?"

"வேற ஒரு தகரத்துக்குத்தான்."

ரிஸ்னாவுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். மூச்சு வாங்க ஓடிவந்தாள். என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல மேசையை இழுத்துப் போட்டு, அதில் ஏறி, கொக்கியிலிருந்து பாயைக் கழற்றத் தொடங்கினாள்.

"கழட்டாதீங்க தங்கச்சி" என்று செல்வி அவளுடைய காலைப் பிடித்தாள். "நாங்க போற வரைக்குமாவது புள்ள தூங்கட்டும்."

ரிஸ்னாவின் கை நின்றது. மேசையிலேயே குந்தினாள். பிறகு என்னைப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது.

"ஆன்ட்டி, நாங்க குப்பை பொறுக்கித் தைச்சது வாடகை கூட்டவா?"

"நான் அண்ணாவோட கதைக்கிறன் பிள்ளை."

"ஒவ்வொரு தடவையும் அதத்தானே சொல்றீங்க." குரல் உயரவில்லை. "கேக்க வேணாம் எண்டுதான் இவ்வளவு நாளும் ஈந்த. இது யார்ட கூரை? எங்கட ஐடியாவ எல்லாரும் சூப்பர் எண்டு சொல்றாங்க. நீங்களும் படம் எடுத்து அனுப்பினீங்க. தகரத்த மாத்துறது உங்கட வேலை ஆன்ட்டி. நீங்க செய்யாததாலதான் நாங்க செஞ்ச."

கேக்கை ஒரு பெட்டிமேல் வைத்துவிட்டு இறங்கினேன். ஆட்டோ பிடித்து வெள்ளவத்தைக்குத் திரும்பினேன். கோபம் யார்மேல் என்று தெரியவில்லை. முதலில் அந்தப் பிள்ளைமேல் என்றுதான் நினைத்தேன். பாமன்கடை தாண்டும்போது அது இல்லை என்று தெரிந்துவிட்டது.

அண்ணா பல்கனியில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்.

"வாடகையைக் கூட்டச் சொல்லி ஆர் சொன்னது?"

"வரி கூடியிருக்கு. தண்ணி பில் கூடியிருக்கு. அறையும் இப்ப..."

ரயில் வந்தது. அது போகும்வரை இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"வாடகை கூடாது" என்றேன். "கூரையையும் மாத்தப்போறன்."

"மாத்து. ஆர் நிண்டு பார்க்கிறது? நீ போயிடுவாய். கூரை போடுற மேசன் பாஸுக்குப் பின்னால ஆர் ஓடுறது? மழைக்குள்ள குழாய் அடைச்சால் ஆருக்கு ஃபோன் வாறது?" பேப்பரை மடித்துக் கீழே போட்டார். "உனக்கு அங்க மனச்சாட்சி இருக்கு ரதி. எனக்கு இஞ்ச அந்த வீட்டுத் திறப்புக் கோர்வை இருக்கு. இவ்வளவு காலமும் நான்தான் தூக்கித் திரிஞ்சனான்."

அவர் சொன்னதும் பொய் இல்லை. அதுதான் என்னை இன்னும் அலைக்கழிக்கிறது. உள்ளே போய், சாவிகள் குலுங்கத் திறப்புக் கோர்வையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, அறைக் கதவைச் சாத்தினார். நான் புறப்படும்வரை என்னோடு சரியாகப் பேசவில்லை.

6

பயணத்தைத் தள்ளிப்போட்டேன். வாடகை கூடாது என்று செல்விக்கு எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். எங்கள் ஓகூஸ் வீட்டுக்குப் புதுச் சமையலறை போடுவதற்கென்று வைத்திருந்த காசைக் கூரைக்குக் கொடுக்கச் சொல்லி என் கணவரிடம் கேட்டேன். "பழைய குசினியில அடுப்பு இன்னும் எரியுதுதானே" என்றார்.

ரிஸ்னாவிடம் போய், "என்ன மாதிரிக் கூரை போடலாம்?" என்று கேட்டேன். நான் மன்னிப்புக் கேட்பேன் என்று நினைத்தாளோ தெரியாது. அந்தக் கேள்விக்கு உடனே அளவு நாடாவை எடுத்தாள். அவளும் சமித்தும் நிலத்தில் சோக்கட்டியால் கீறினார்கள். கூரையை ஒரு பக்கம் உயர்த்தி, உச்சியில் சூட்டுக் காற்று போக ஒரு நீள வாய் விட்டு, வெள்ளைத் தகடு இரண்டு படையாக, நடுவில் இடைவெளி. கூரை வேலைக்கு வந்த பாஸ் முதலில் சின்னப் பிள்ளைகளின் கீறலை ஏறிட்டும் பார்க்கவில்லை. பிறகு சமித்தோடு சிங்களத்தில் நெடுநேரம் வாதாடினார். கடைசியில் அந்த வாயின் மேல் மழை அடிக்காமல் ஒரு தொப்பி வைக்க வேண்டும் என்று தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். அந்த நாட்களில் செல்வியும் குழந்தையும் ரிஸ்னாவின் உம்மாவோடு இருந்தார்கள்.

பழைய பாயைச் சுருட்டி எடுத்துப் பின் லேனில் இன்னொரு வீட்டில் கட்டினார்கள். நானும் போயிருந்தேன். அங்கே ஒரு அறையில் ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறை இருந்தது.

"இப்பிடி எத்தின வீட்டுக்குத்தான் கட்டுவீங்கள்?" என்று கேட்டேன்.

"தெரியா ஆன்ட்டி" என்றாள் ரிஸ்னா, வாயில் ஆணியைக் கடித்துக்கொண்டே. "எல்லா ஓனரும் திவசத்துக்கு வர மாட்டாங்கதானே."

சிரித்தாள். நானும் சிரித்தேன். அது முழுக்கப் பகிடி இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

வேலை பாதியில் நிற்க நான் திரும்ப வேண்டியதாயிற்று. விமான நிலையத்துக்கு அண்ணா வரவில்லை. திறப்புக் கோர்வையை அண்ணியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். வேறு யாரிடம் கொடுப்பது?

இப்போது ஓகூஸில் இலையுதிர்காலம். கூரை முடிந்து செல்வி திரும்பிப் போய்விட்டதாக ரிஸ்னா எழுதியிருந்தாள். ரிஸ்னாவும் மிதுலாவும் ஒவ்வொரு கிழமையும் பேசுகிறார்கள். மிதுலாவின் வகுப்பில் யாரோ கணினியில் காற்றோட்டத்தைக் கணக்கிட்டு அனுப்புகிறார்கள். ரிஸ்னா அதில் எது கொட்டாஞ்சேனையில் நடக்காது என்று திருப்பி அனுப்புகிறாள். மகள் இன்னும் விமானத்தில் ஏறமாட்டேன் என்கிறாள். கொட்டாஞ்சேனையில் அவள் கால் வைத்ததில்லை. ஆனால் அந்த லேனில் யாருடைய கூரை எப்படி என்று அவளுக்குத் தெரியும். என்னோடு அதைப் பேசுவதில்லை. பேச வேண்டும் என்று அவளுக்குத் தோன்றுவதுமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வேறு ஏதோ கேட்க எடுத்தவள், நடுவில் சொன்னாள்:

"கொட்டாஞ்சேனையில் விடாமல் மழை அம்மா. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது.

"புதுக் கூரை ஒரு மூலையில் ஒழுகுதாம். ரிஸ்னா எழுதினா."

ரிஸ்னாவை அழைத்தேன், எடுக்கவில்லை. செல்வியின் தொலைபேசி அணைந்திருந்தது. குழந்தை எங்கே படுத்திருக்கிறதோ, மெத்தை நனைந்ததோ என்று அறைக்கும் சமையலறைக்குமாக நடந்தேன். பிறகு வேறு வழியில்லாமல் அண்ணாவின் இலக்கத்தை அழுத்தினேன். நான் வந்த பிறகு நாங்கள் பேசியதில்லை. மணி அடித்து அடித்து, அறுந்துபோகும் நேரத்தில் எடுத்தார். ஒரே காற்றும் மழையும். பின்னால் சமித்தின் குரல், அங்கிள், அங்கிள் என்று எதையோ கத்தியது.

"அண்ணா, கூரை ஒழுகுதாம்..."

"தெரியும். இப்ப கதைக்க ஏலாது. நான் கூரையிலதான் நிக்கிறன். வை போனை."